ஈரல் என்னும் கண்மாய்



தண்ணீரை அளப்பது கரிசல் மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறவிப் பழக்கம். ஓட்டப்பிடாரத்தைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பியே பருத்தியும் உளுந்தும் பாசிப்பயறும் மிளகாயும் கம்பும் சோளமும் விதைக்கப்படுகின்றன. ஓர் உழவுக்குப் பெய்ததா, இரண்டு உழவுக்குப் பெய்ததா, கண்மாயில் எத்தனை அடி நிற்கிறது, மறுகால் பாயுமா பாயாதா என்பவையே எங்கள் ஊர்ப் பெரியவர்களின் அன்றாடக் கணக்கு. ஒரு மனிதரின் வயிற்றுக்குள் ஓடும் இரத்தத்தையும் இவ்வாறு நிமிடத்துக்கு இத்தனை மில்லி லிட்டர் என்று அளப்பார்கள் என்பதையும், அந்த அளவின் மேல் ஒரு குடும்பத்தின் வாழ்வு நின்றுவிடக்கூடும் என்பதையும் 2019 பிப்ரவரியில், சென்னையில் ஒரு மருத்துவமனையின் தாழ்வாரத்தில்தான் நாங்கள் அறிந்துகொண்டோம்.

நாங்கள் என்பது அண்ணன் தம்பி இருவர். எங்களுக்கு இளையவள் ஒரு தங்கை; கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். இதை எழுதச் சொன்னவளும் அவள்தான். "அத்தாவைப் பற்றி ஊரார் பேசியதற்கு நீங்கள் இருவரும் ஒருநாளும் வாய் திறந்து பதில் சொல்லவில்லை. எழுதியாவது வையுங்கள்" என்றாள். அவள் சொன்னது உண்மை என்பதால் மறுக்க இயலவில்லை.

அத்தா பருத்தித் தரகு பார்த்தவர். எட்டு ஏக்கர் கரிசல் காடும் எங்களுக்கு இருந்தது. சுப்ஹுத் தொழுகைக்கு முதல் ஸஃப்பில் நிற்பவர். வாழ்நாளில் மதுவை முகர்ந்தும் பார்த்திராதவர். அவருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. 2017-இல் கால் வீங்கத் தொடங்கியது. முதலில் பார்த்த மருத்துவர் வாயுக்கோளாறு என்று மாத்திரை எழுதினார். கண் மஞ்சளித்தபோது பக்கத்து ஊரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அதைக் குடித்து நான்கு மாதம் வீணாயிற்று. பிறகு வயிறு தண்ணீர் கோத்துக் குடம்போல் ஆனது. பழையவர்கள் மகோதரம் என்று சொல்வது அதுதான். தூத்துக்குடியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கல்லீரல் சுருங்கிவிட்டது என்றார்கள்.

ஈரல் கெட்டுவிட்டது என்ற செய்தி ஊருக்குள் வந்த மறுவாரமே வேறொரு செய்தியும் கூடவே சுற்றத் தொடங்கியது. ஹாஜியார் தரகு விஷயமாக வெளியூர் போகும்போது மறைவாகக் குடித்திருப்பாரோ என்று தேநீர்க் கடையில் ஒருவர் கேட்டாராம். ஜும்ஆ முடிந்து கைகொடுக்க வந்தவர்கள் சிலர் கண்ணைப் பார்க்காமல் கைகொடுத்துப் போனார்கள். நோயைவிட அத்தாவை அரித்தது அதுதான். நாங்களோ, பதில் சொல்லப்போனால் பேச்சு இன்னும் வளரும் என்று மௌனமாக இருந்தோம். அது பொறுமை என்று அப்போது நினைத்தோம். அதில் கூச்சமும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

குடிக்காதவருக்கும் கல்லீரல் சுருங்கும். சர்க்கரை நோயும் வயிற்றுப் பருமனும் உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. படிந்த கொழுப்பால் சிலருக்கு அழற்சி உண்டாகிறது. அழற்சி ஆறிய இடமெல்லாம் தழும்பாகிறது. தழும்பு மேல் தழும்பு விழுந்து, மெத்தென்றிருந்த ஈரல் காய்ந்த கரிசல் கட்டிபோல் இறுகிவிடுகிறது. ஹெப்பட்டைட்டிஸ் பி, சி கிருமிகளாலும் இதே நிலை வரும். மதுவை ஹராம் என்று ஒதுக்கிவிட்ட நம் சமுதாயத்தில், ஒரு நாள் நோன்பு திறக்கும்போது எத்தனை வடையும் சமோசாவும் இனிப்பும் உள்ளே போகின்றன என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே புரோட்டாக் கடைகளில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே போதும். எங்களில் மூத்தவருக்கு இதைச் சொல்லும் தகுதி இல்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

2018 செப்டம்பரில் ஓர் இரவு, இஷாத் தொழுது வந்து படுத்த அத்தா இரத்த வாந்தி எடுத்தார். ஒரு சிறு வாளி இருக்கும். அம்மா அந்த வாளியை இரண்டு நாள் கழித்துக் கிணற்றடிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். தூத்துக்குடிக்கு எடுத்துச் சென்றோம். உணவுக்குழாயில் புடைத்து வெடித்திருந்த நாளங்களை உள்நோக்கிக் குழாய் வழியாக வளையம் போட்டுக் கட்டினார்கள். ஈரல் கெட்டால் உணவுக்குழாய் ஏன் வெடிக்க வேண்டும் என்று கேட்டோம். குடல், இரைப்பை, மண்ணீரல் ஆகிய மூன்றிலிருந்தும் திரும்பும் இரத்தம் முழுவதும் ஒரே பெருநாளமாகச் சேர்ந்து ஈரலுக்குள் போகிறது. மருத்துவர்கள் போர்ட்டல் வெயின் என்பார்கள். தமிழில் வாயிற்சிரை என்று எழுதுகிறார்கள். ஈரல் இறுகிவிட்டால் அந்த இரத்தம் உள்ளே நுழைய முடியாமல் தேங்குகிறது. தேங்கியது, பலவீனமான கரை எங்கே என்று தேடுகிறது. கண்மாய் நிரம்பிக் கலிங்கும் அடைபட்டிருந்தால் கரை எங்கே உடையும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாற்று ஈரல் ஒன்றே வழி என்றார்கள். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் ஈரலுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கலாம். அல்லது உறவினர் ஒருவர் தம் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். ஈரல் வெட்டினாலும் வளரும் உறுப்பு. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் சில மாதங்களில் ஏறக்குறைய முழு அளவுக்கு வளர்ந்துவிடும். 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரஸ்ஸல் ஸ்ட்ராங் என்ற மருத்துவர் ஒரு தாயின் ஈரல் துண்டை அவள் மகனுக்கு வைத்ததுதான் இவ்வகையில் முதல் வெற்றி. நம் நாட்டில் 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில் இரண்டு வயது கூட நிரம்பாத ஒரு காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு அதன் தந்தையின் ஈரல் துண்டு வைக்கப்பட்டது. அக்குழந்தை வளர்ந்து மருத்துவராகவே ஆகிவிட்டது என்று படித்தபோது எங்கள் அம்மா அந்தச் செய்தித் துண்டை மடித்து முஸல்லாவுக்குள் வைத்துக்கொண்டார். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் கிளியூரில் பிறந்து, சென்னை ஸ்டான்லி கல்லூரியில் படித்து, லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனைக்குச் சென்ற முகமது ரேலா என்ற நம் ஊர் மருத்துவர் 1997-இல், பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்கு ஈரல் மாற்றிக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார் என்பதையும் அந்த நாட்களில்தான் அறிந்தோம். வேண்டாத வேளையில் எவ்வளவோ படிக்கிறோம். வேண்டிய வேளையில் இப்படித் தேடித் தேடிப் படிக்கிறோம்.

மூத்தவரைச் சோதித்தார்கள். இரத்த வகை பொருந்தியது. ஆனால் அவர் ஈரலிலேயே கொழுப்பு. இன்னும் பத்து ஆண்டு இதே உணவு என்றால் நீங்களும் இதே வரிசையில் வந்து நிற்பீர்கள் என்று அந்த மருத்துவர் சிரிக்காமல் சொன்னார். இளையவருக்கு இரத்த வகையே பொருந்தவில்லை. அம்மாவுக்கு வயது தடை. மிஞ்சியவள் தங்கை. ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

இவ்விடத்தில் அத்தா மறுத்துவிட்டார். "பிள்ளையோட ஈரலை வாங்கித்தான் நான் உசுரோட இருக்கணுமாலே? அதுவும் பொம்பளப்பிள்ளையோடதை?" என்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்ற கேள்வியும் இருந்தது. உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதில் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்க நமக்கு உரிமை உண்டா? இறந்தவரிடமிருந்து எடுப்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இன்றும் உள்ளது. உயிரோடிருப்பவர் விரும்பித் தருவதை ஜித்தாவில் 1988-இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி நிபந்தனைகளோடு அனுமதித்திருக்கிறது. கொடுப்பவரின் உயிருக்கும் அடிப்படை நலத்துக்கும் கேடு வரக்கூடாது, வற்புறுத்தல் கூடாது, விலை கூடாது என்பவை அவற்றுள் முக்கியமானவை. எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனோம். அவர் கிதாபைப் புரட்டிவிட்டு, "பிள்ளைக்குக் கேடு வருமா வராதா என்பதைப் பொறுத்து இருக்கிறது. அதை என்னிடம் கேட்காதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை வைத்து நான் சொல்கிறேன்" என்றார். தனக்குத் தெரிந்தது எதுவரை என்று கோடு கிழித்துக்கொண்ட அந்தப் பதிலை நாங்கள் இன்றும் மதிக்கிறோம்.

அத்தாவிடமும் ஹஜ்ரத்தே வந்து பேசினார். தாகத்தால் நாக்குத் தொங்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த மனிதரைப் பற்றிய நபிமொழியை நாம் எல்லோரும் மதரஸாவில் கேட்டிருக்கிறோம். அதில் உயிருள்ள பிராணி என்பதைக் குறிக்க அரபி மூலத்தில் வருவது கபித் என்ற சொல், அதாவது ஈரல், அதுவும் ஈரம் காயாத ஈரல் என்று ஹஜ்ரத் விளக்கினார். அத்தா அதுவரை அதை அறியார். எங்களுக்கும் புதிது. ஈரக்குலை நடுங்குகிறது என்றும், நெஞ்சில் ஈரம் இல்லாதவன் என்றும் பேசும் எங்கள் ஊர்ப் பேச்சிலும் ஈரலும் ஈரமும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்தாமே. அத்தா நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "மகள் என்ன சொல்றா?" என்று மட்டும் கேட்டார். அதுவே சம்மதம். தங்கை மாப்பிள்ளை தன் வீட்டாரிடம் என்ன பாடுபட்டு இசைவு பெற்றார் என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். நான்கு ஏக்கரை விற்றோம்.

ஈரலின் இரத்தத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் ஏறத்தாழ ஐந்து லிட்டரில் கால் பங்கு ஈரலுக்கே போகிறது. மற்ற உறுப்புகளில் பெரும்பாலானவற்றுக்குத் தமனி ஒன்றே வரத்து. ஈரலுக்கோ வரத்துக்கால் இரண்டு. நான்கில் மூன்று பங்கு, குடலைச் சுற்றிவந்த இரத்தமாக வாயிற்சிரை வழியே வருகிறது. மீதி ஒரு பங்கு, இதயத்திலிருந்து வரும் புத்தம் புது இரத்தமாகத் தமனி வழியே வருகிறது. அளவில் சிறியதானாலும் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதியைத் தமனியே சுமந்துவருகிறது. பித்தக் குழாய்கள் அதை நம்பியே பிழைக்கின்றன.

ஈரல்தான் உணவை இரத்தமாக்கி உடம்பெங்கும் அனுப்புகிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் எழுதிவைத்ததை உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பியது. இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்றும் அவர் சொல்லியிருந்தார். 13-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அந்நஃபீஸ், அப்படித் துளை எதுவும் இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் போகிறது என்று எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி 1924-இல் பெர்லின் நூலகத்தில் ஓர் எகிப்திய மருத்துவரின் கண்ணில் படும்வரை உறங்கிக் கிடந்தது. 1628-இல் வில்லியம் ஹார்வி செய்தது இன்னும் எளிமையானது: பெருக்கிப் பார்த்தார். ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் இரத்தத்தைக் குறைத்தே மதிப்பிட்டு, அரை மணி நேரத் துடிப்புகளால் பெருக்கினாலும், உடம்பில் உள்ள மொத்த இரத்தத்தையும் மிஞ்சுகிறது. இவ்வளவையும் உண்ட சோற்றிலிருந்து ஈரல் எப்படி உண்டாக்க முடியும்? ஆகவே ஓடிய இரத்தமே திரும்பி வருகிறது. ஈரலின் பழைய அரியணை பறிபோனது ஓர் ஓட்டக் கணக்கினால்தான் என்பதை நினைக்க வியப்பாக இருக்கிறது.

அறுவை நாளன்று விடியற்காலை முதலில் தங்கையைக் கொண்டுபோனார்கள். அவள் தலைமுக்காட்டைக் கழற்றி மருத்துவமனைத் தொப்பி போட்டுக்கொள்ளச் சொன்னபோதுதான் முதன்முறையாகக் கலங்கினாள். ஒரு செவிலிப் பெண் தொப்பியின் மேலேயே இன்னொரு துணியைச் சுற்றிவிட்டார். பெயர் கேட்க மறந்துவிட்டோம். துஆவில் அவரை அந்தத் துணியைக் கொண்டே நினைவுகூர்கிறோம்.

அவள் ஈரலின் வலப்பகுதியை எடுத்தார்கள். எடை 620 கிராம். அத்தாவின் எடை 74 கிலோ. பெறுபவரின் எடையில் நூற்றுக்கு 0.8 பங்காவது ஈரல் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, இங்கே 0.84. தேறிவிட்டது, ஆனால் மயிரிழையில். இனி வருவதைக் கவனியுங்கள். அத்தாவின் வயிற்றுக்குள் ஆண்டுக்கணக்காகத் தேங்கி அழுத்தம் ஏறியிருந்த வெள்ளம் அப்படியே நிற்கிறது. மண்ணீரலோ வீங்கிப் பெருத்து, அளவுக்கு மீறிய இரத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த வெள்ளம் முழுவதையும் ஒரு சிறிய, புதிய, மெல்லிய ஈரலுக்குள் திறந்துவிடப் போகிறார்கள். பெரிய கண்மாயின் தண்ணீரை ஒரு குட்டைக்குள் விடுவதுபோல. 1990-களில் ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் பெரியவர்களுக்கு இவ்வாறு ஈரல் துண்டு வைக்கத் தொடங்கியபோது, தையல் எல்லாம் சரியாக இருந்தும் சில துண்டுகள் வீங்கிச் செயலிழந்தன. துண்டு சிறியதாக இருப்பது மட்டும் குற்றம் அன்று, அதற்குள் பாயும் வெள்ளமும் குற்றம் என்பது சிறிது சிறிதாகவே புலப்பட்டது. அதனால்தான் இப்போது வயிறு திறந்திருக்கும்போதே அளந்துவிடுகிறார்கள்.

அளக்கும் கருவி ஒரு சிறு கொக்கி. நாளத்தை வெட்டாமல், குத்தாமல் அதைச் சுற்றி மாட்டுகிறார்கள். கொக்கிக்கும் நாளத்துக்கும் நடுவில் காற்று இல்லாதபடி உப்புநீர் விடுகிறார்கள். கொக்கிக்குள் இருக்கும் படிகங்கள் காதுக்கு எட்டாத ஒலியை ஓட்டத்தோடு ஒருமுறையும் ஓட்டத்துக்கு எதிராக ஒருமுறையும் அனுப்புகின்றன. ஆற்றோடு போகும் ஓடம் விரைவாகவும் எதிர்த்து வரும் ஓடம் தாமதமாகவும் கரை சேரும் அல்லவா? அந்தக் கால வித்தியாசத்திலிருந்து நிமிடத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் என்று திரையில் எண் வருகிறது.

அஸர் நேரம். தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு சன்னலோரம் தொழுகைக்கென்று பாய் போட்டிருந்தார்கள். தொழுது முடித்து நாங்கள் எழாமலே இருந்தோம். தங்கையின் அறுவை முடிந்துவிட்டது, நலமாக இருக்கிறாள் என்று லுஹருக்கே செய்தி வந்திருந்தது. அத்தாவின் செய்தி வரவில்லை. மஃரிபும் ஆயிற்று. இஷாவுக்குச் சற்று முன்பு அறுவை மருத்துவர் வெளியே வந்தார். "ஈரல் வைத்துவிட்டோம், நிறம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஓட்டம் சரியாக இல்லை, ஒன்று செய்ய வேண்டியிருந்தது, செய்துவிட்டோம், இப்போது சரியாக இருக்கிறது" என்று நான்கு சொற்றொடரில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் உடையில் கை அகலத்துக்கு இரத்தக் கறை இருந்தது. அது அத்தாவின் இரத்தமா என்று கேட்க நாக்கு எழவில்லை.

அந்த "ஒன்று" என்ன என்பதை மறுநாள் மயக்க மருத்துவர்தான் விளக்கினார். விளாத்திகுளம் பக்கத்துக்காரர், நாங்கள் ஓட்டப்பிடாரம் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் போட்டார். வாயிற்சிரையில் முதலில் அளந்தபோது நிமிடத்துக்கு 2,100 மில்லி. 620 கிராம் ஈரலுக்கு இது, 100 கிராமுக்கு 340 மில்லி என்றாகிறது. 250-ஐத் தாண்டினாலே கவலைப்படுவார்கள். தமனியிலோ 60 மில்லிதான். குறைந்தது 100 இருந்தால்தான் நிம்மதி. இல்லையென்றால் அது உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. தமனியின் வாய் இரண்டு மூன்று மில்லிமீட்டர். மயிரினும் மெல்லிய நூலால் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே தைத்தது. தையலில் குறையோ என்று முதலில் சந்தேகித்தார்களாம். ஆனால் வாயிற்சிரையின் எண்ணைப் பார்த்தவுடன் தையல் மேல் குற்றமில்லை என்று தெரிந்துவிட்டதாம்.

காரணம் இதுதான். ஈரலின் இரண்டு வரத்துக்கால்களுக்கும் நடுவே ஓர் உடன்பாடு உண்டு. வாயிற்சிரையில் வரத்து குறைந்தால் தமனி தானே விரிந்து ஈடுசெய்கிறது. வரத்து மிகுந்தால் தமனி தானே சுருங்கிக்கொள்கிறது. தமனியின் வாயருகே அடினோசின் என்ற பொருள் ஓயாமல் சுரக்கிறது. அது தமனியை விரிக்கும் தன்மையுடையது. சிரையின் ஓட்டம் அதிகமானால் அந்தப் பொருளை அலசிக்கொண்டு போய்விடுகிறது, தமனி சுருங்குகிறது. கனடாவைச் சேர்ந்த வெய்ன் லாட் 1981-இல் இதற்குப் பெயரிட்டு விளக்கினார். ஆகவே எங்கள் அத்தாவின் தமனி வறண்டது, சிரையில் வெள்ளம் போனதால்தான்.

"அப்போ எந்தக் காலை அடைச்சீங்க?" என்று மூத்தவர் கேட்டார். மயக்க மருத்துவர் படத்தில் மண்ணீரலுக்குப் போகும் தமனியின் மேல் ஒரு கோடு கிழித்தார். "இதைக் கட்டிவிட்டோம். மண்ணீரலுக்கு வேறு சிறு நாளங்கள் உண்டு, அது செத்துவிடாது. ஆனால் அங்கிருந்து சிரைக்கு வரும் வெள்ளம் வடிந்துவிடும்." கட்டிய பிறகு மறுபடி கொக்கியை மாட்டி அளந்திருக்கிறார்கள். சிரையில் 1,480, 100 கிராமுக்கு 240-க்குள் வந்துவிட்டது. தமனியில் 140. யாரும் தமனியைத் தொடவில்லை. அது தானாகவே ஏறியது. அந்த மருந்துச் சீட்டு இன்றும் எங்களிடம் இருக்கிறது. கண்மாய் வரத்துப் படம் என்று சொல்லிக் காட்டினால் எங்கள் ஊர்ப் பெரியவர் எவரும் நம்பிவிடுவார்.

தலைவிதி என்றும் தக்தீர் என்றும் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த இரவில் அந்தக் கொக்கி இல்லாமல் வயிற்றைத் தைத்து மூடியிருந்தால், சில நாட்களில் தமனி அடைத்து எங்கள் தங்கையின் ஈரல் அத்தாவுக்குள் அழுகியிருக்கக்கூடும். அப்போதும் நாங்கள் தக்தீர் என்றுதான் சொல்லியிருப்போம். இதை நினைக்கும்போது எங்களுக்கு இன்றும் ஈரக்குலை பதறுகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கட்டுவது என்பது எவ்வளவு நுணுக்கமான வேலையாகவும் இருக்கலாம் என்பதைத்தான் நாங்கள் அறியாமலிருந்தோம்.

பின்வந்த நாட்கள் எல்லாம் இனிமை என்று சொல்வதற்கில்லை. அத்தாவுக்கு முதல் ஒரு வாரம் தினமும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தார்கள். மூன்றாம் நாள் கண் விழித்து முதலில் கேட்டது, "மக எப்படி இருக்கா?" தங்கைக்குத்தான் சிரமம் அதிகம். வெட்டிய முகத்திலிருந்து பித்தநீர் கசிந்து மூன்று வாரம் வயிற்றில் குழாயோடு இருந்தாள். பிள்ளைகள் இருவரையும் பார்க்க அனுமதிக்காததால் தொலைபேசியில் சிரித்துவிட்டு, வைத்ததும் அழுவாள். ஊர் முழுக்க அத்தாவை நலம் விசாரித்தது. அவளை விசாரித்தவர்கள் குறைவு. கொடுத்தவள் நோயாளி இல்லையே என்ற எண்ணம் போலும். அவள் வயிற்றில் உள்ள தழும்பு அத்தாவின் தழும்பைவிட ஒன்றும் சிறியதன்று.

அந்த ஆண்டு ரமளான் மே மாதத்தில் வந்தது. அத்தாவை நோன்பு நோற்க விடவில்லை, ஃபித்யா கொடுத்தோம். பன்னிரண்டு மணிக்கொருமுறை, ஒரு நாளும் தவறாமல், வாழ்நாள் முழுவதும் போட வேண்டிய மாத்திரை இருக்கிறது. போடாவிட்டால் உடம்பு அந்த ஈரலை அந்நியம் என்று கண்டு தாக்கத் தொடங்கும். காலை ஒன்பது, இரவு ஒன்பது.

உடல் தேறியதும் அத்தா ஒன்று செய்ய நினைத்தார். மீதி இருந்த நான்கு ஏக்கரில் இரண்டைத் தங்கை பெயருக்கு எழுதிவிட வேண்டும் என்றார். வாரிசுரிமையில் பெண்ணுக்கு உள்ள பங்கு அவருக்கு அப்போது உறுத்தியிருக்கலாம். நாங்கள் இருவரும் மனமுவந்து சரி என்றோம். ஆனால் ஹஜ்ரத் யோசித்தார். பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் ஹிபா கொடுப்பதில் மற்றவர்களின் முழு மனச்சம்மதம் வேண்டும், அது இருக்கிறது. ஆனால் இது ஈரலுக்கு விலை என்று ஆகிவிடக்கூடாது, நிய்யத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தங்கையின் காதுக்கு விஷயம் எட்டியது. கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். "இரண்டு ஏக்கர்தான் விலையா? அப்படியானால் என் ஈரலைத் திருப்பிக் கொடுங்கள் அத்தா" என்றாள். அத்தா சிரித்துச் சிரித்துத் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார். நிலம் எழுதப்படவில்லை. அவ்வாண்டு அதில் உளுந்து போட்டோம். முதல் மூட்டை கோவில்பட்டிக்குப் போயிற்று, அதை மட்டும் அவள் மறுக்கவில்லை.

தேநீர்க் கடையில் கேட்ட அந்த மனிதரும் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அவருடைய மருமகனுக்கு ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்திருக்கிறதாம், அவனும் குடிக்காதவன். எந்த மருத்துவரிடம் போகலாம் என்று கேட்டார். அத்தா எண்களையும் பெயர்களையும் எழுதிக்கொடுத்து, தேநீர் கொடுத்து அனுப்பினார். பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, அத்தாவும் எடுக்கவில்லை.

ஓராண்டுப் பரிசோதனைக்கு 2020 பிப்ரவரியில் சென்னை போனோம். நால்வராகப் போனோம், தங்கைக்கும் அன்று பரிசோதனை. ஸ்கேன் அறையில் மருத்துவர் கருவியை அத்தாவின் வலப்பக்க விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினார். திரையில் சிவப்பும் நீலமுமாக நாளங்கள் தெரிந்தன. பிறகு ஏதோ ஒரு பித்தானைத் திருகினார். அறை முழுவதும் ஒலி நிறைந்தது. அடியில் இடைவிடாத இரைச்சல், மழை பெய்த மறுநாள் ஓடையில் கேட்பது போல. அது வாயிற்சிரை என்றார். கருவியைச் சற்றே நகர்த்தினார். இப்போது விட்டு விட்டு, துடித்துத் துடித்து ஒரு சத்தம். இது தமனி என்றார்.

அத்தா தலையைச் சற்றுத் தூக்கிக் கேட்டார். "இது என் சத்தமாம்மா, இவ சத்தமா?"

மருத்துவர் சிரித்தபடி, "இரத்தம் உங்களுடையது, ஓடுகிற இடம் அவங்களுடையது" என்றார்.

அத்தா கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். தங்கை ஒரு துணியை எடுத்து அவர் வயிற்றில் பூசியிருந்த பசையைத் துடைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதாக ஐந்து நிமிடம் இருந்தது. கைப்பைக்குள் மாத்திரைப் பெட்டியைத் தேடத் தொடங்கினாள்.